பரப்பளவையும் கன அளவையும்: பெயரமைப்பு நோக்கில் ஓர் ஆய்வு

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவை நான்கு என்பது தமிழ் பயில்வார் அனைவரும் அறிந்தது. இந்நான்கனுள் பரப்பளவைக்குத் தனியிடம் இல்லை என்பதனைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நிலத்தைக் கோலால் அளத்தல் நீட்டலின்பாற் படும். நீளத்தை ஒருமுறையும் அகலத்தை ஒருமுறையும் கோலிட்டு அளந்து, அவ்விரண்டனையும் பெருக்கப் பரப்புக் கிடைக்கிறது. நெல், எண்ணெய் முதலியன முகத்தலால் அளக்கப்பட்டன. நாழியாலும் மரக்காலாலும் முகந்தவர் அக்கலத்தின் வாயகலத்தையோ உயரத்தையோ கோலிட்டு அளந்தாரல்லர். எனவே நீட்டலும் முகத்தலும் நம் வழக்கில் தொடர்பற்ற இரு துறைகளாகவே நின்றன. பரப்பு என்பது நீட்டல் இருமுறை நிகழ்வதென்பதும், கொள்ளளவு என்பது அதுவே மும்முறை நிகழ்வதென்பதும் ஒரே பெயரமைப்புக்குள் வந்து சேர்ந்தது மெட்ரிக் முறையிலேயாம்.

இம்முறை இந்நாட்டில் 1956-ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்கப்பட்டு, 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர்க் கல்வெட்டுகளையும் ஓலை ஆவணங்களையும் ஆராய்வோர், குழி, மா, வேலி, கலம் முதலிய பழைய அளவைகளை எக்டேரிலும் லிட்டரிலும் மாற்றிக் காட்டுதல் இயல்பாயிற்று. இம்மாற்றத்திற் பிழை நேரின், பழங்கால வேளாண்மை, வரி, கோயில் நிவந்தம் ஆகியன பற்றி நாம் உரைக்கும் முடிபுகள் அனைத்தும் பிழைபடும். ஆய்வேடுகளில் இப்பிழை அருகி வருவதன்று. பெருக்கத் தெரியாமையால் அது நேர்வதில்லை. அளவைப் பெயரின் தொடரமைப்பை உணராமையால் நேர்கிறது. ஆதலின் இதனை இலக்கணம் பயின்றோர் நோக்கில் விளக்குதல் பயனுடையதாகும்.

தமிழில் அளவைப் பெயர்கள் புணரும் முறையைத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் தனியே எடுத்து ஓதுகிறது. அளவைக்கும் நிறைக்கும் வரும் பெயர்களின் முதலெழுத்துகள் ஒன்பதே என அது வரையறுக்கும். க, ச, த, ப, ந, ம, வ என்னும் வரிசைகளும் அகரமும் உகரமுமே அவை. (மீட்டரும் கிலோவும் இவ்வரையறைக்குள் அடங்கும், லிட்டரும் எக்டேரும் அடங்கா.) தூணிப்பதக்கு என்னும் தொடரை நோக்குக. அதன் பொருள் தூணியும் பதக்கும் என்பதாம். தூணி நான்கு குறுணி, பதக்கு இரண்டு குறுணி. ஆகத் தூணிப்பதக்கு ஆறு குறுணி. ஈண்டு இரு பெயரும் சேர, அளவுகள் கூடுகின்றன. சென்டிமீட்டர் என்பதோ இவ்வாறு கூடும் தொடரன்று. சென்டி என்னும் முன்னொட்டு மீட்டரை நூறு கூறாக்கி அதனுள் ஒரு கூற்றைச் சுட்டுகிறது. முன்னொட்டும் பெயரும் பிரிக்கவொண்ணாத ஒருசொல் நீர்மைத்தாய் நிற்கின்றன.

இனிச் சதுரச் சென்டிமீட்டர் என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். இதில் சதுரம் என்னும் அடை எதனைத் தழுவுகிறது? பெரிய கோயில் மதில் என்புழிப் பெரிது கோயிலா, மதிலா என ஐயுறுதற்கு இடமுண்டு. அதுபோன்றே இத்தொடரையும் இருவகையாகப் பிரிக்கலாம். சதுர மீட்டர் ஒன்றன் நூற்றிலொரு கூறு எனக் கொள்வது ஒருவகை. சென்டிமீட்டர் என்னும் நீளத்தின் சதுரம் எனக் கொள்வது மற்றொருவகை. முன்னதைக் கொள்ளின் ஒரு சதுர மீட்டரில் 100 சதுரச் சென்டிமீட்டர் அடங்கும். பின்னதைக் கொள்ளின் 10,000 அடங்கும். அனைத்துலக அலகு முறையின் விதி பின்னதையே கொள்ளும். செ.மீ.² என்று எழுதும்பொழுது மேலே நிற்கும் 2 என்னும் எண் மீட்டரை மட்டும் பற்றுவதன்று. சென்டி என்னும் முன்னொட்டையும் உடன் பற்றும். கனச் சென்டிமீட்டருக்கும் இஃதொக்கும். நூறு மும்முறை பெருகி, ஒரு கன மீட்டரில் 10,00,000 கனச் சென்டிமீட்டர் ஆகின்றன. மாணவர் பலர் ஒரு சதுர மீட்டரை நூறு சதுரச் சென்டிமீட்டர் என எழுதுவது முன்னைய பிரிப்பைத் தம்மை அறியாமலே கொள்வதனால்தான்.

அடைக்குப் பின் நிற்கும் முன்னொட்டு இவ்வாறு அடையோடு சேர்ந்து பெருகும். அடைக்கு முன் நிற்கும் எண்ணோ பெருகாது. அது பொருளை எண்ணிக் காட்டும் அளவில் நின்றுவிடும். பத்துச் சதுர மீட்டர் என்பது ஒவ்வொரு மீட்டர்ச் சதுரமாகப் பத்து. பத்து மீட்டர் சதுரம் என்பதில் அடை இறுதிக்கண் நின்று முன்னுள்ள அனைத்தையும் தழுவுதலின், அது நூறு சதுர மீட்டராகும். மனையின் அளவைப் பேச்சில் சொல்வோர் இவ்விரண்டனையும் மயங்கக் கூறுதல் உண்டு. எழுத்தில் அம்மயக்கம் புகுமாயின் ஒன்று பத்தாகும்.

மெட்ரிக் முறையை வகுத்தோர் இவ்விடர்ப்பாட்டை உணர்ந்திருந்தனர் என்றே தோன்றுகிறது. பிரெஞ்சு நாட்டில் 1795-இல் இயற்றப்பட்ட சட்டம் மீட்டரோடு அமையாது, நிலப்பரப்பிற்கு ஏர் என்றும், விறகளவிற்கு ஸ்டேர் என்றும், நீர்ப்பொருள் முதலியவற்றின் கொள்ளளவிற்கு லிட்டர் என்றும் தனிப்பெயர்களை அளித்தது. பத்து மீட்டர் சதுரம் ஓர் ஏர். ஒரு கன மீட்டர் ஒரு ஸ்டேர். மீட்டரில் பத்திலொரு பங்கான டெசிமீட்டரின் கனம் ஒரு லிட்டர். இங்குக் கூறும் ஏர் உழும் ஏரன்று. இலத்தீனில் வெற்றிடத்தையும் போரடிக்கும் களத்தையும் குறித்த சொல்லின் வழிவந்தது. இவ்வாறு பரப்பிற்கும் கொள்ளளவிற்கும் இட்ட பெயர்கள் சதுரம், கனம் என்னும் அடைகளைத் தம்முள் ஒடுக்கிக்கொண்டன. ஆதலின் அவற்றின் முன் வரும் முன்னொட்டு ஒருமுறையே தொழிற்படும். கிலோலிட்டர் என்பது ஆயிரம் லிட்டரே. அஃதாவது ஒரு கன மீட்டர். கன கிலோமீட்டரோ நூறு கோடி கன மீட்டர். இரண்டிலும் கிலோ என்னும் முன்னொட்டே உளது. ஒன்றில் ஆயிரம் ஒருமுறை நிற்க, மற்றொன்றில் மும்முறை பெருகுகிறது.

எக்டேர் என்பது எக்டோ, ஏர் என்னும் இரண்டும் புணர்ந்தது. நூறு ஏர் என்பது பொருள். ஓர் ஏர் நூறு சதுர மீட்டராதலின் எக்டேர் 10,000 சதுர மீட்டர். நூறு மீட்டர் பக்கமுடைய சதுரமும் இதுவே. ஒரு சதுரக் கிலோமீட்டரில் நூறு எக்டேர் அடங்கும், ஆயிரம் அன்று. தமிழ்நாட்டில் வழங்கும் பட்டாவில் நிலப்பரப்பு எக்டேர், ஏர் என்னும் இரண்டாலும் குறிக்கப்படுகிறது. 0 - 40.50 எனக் கண்டால் நாற்பதரை ஏர், அஃதாவது 4,050 சதுர மீட்டர், ஏறத்தாழ ஓர் ஏக்கர் என அறியலாம். 1 - 05.00 என்பதில் ஐந்துக்கு முன்னுள்ள சுழியைப் பொருட்படுத்தாது ஒன்றரை எக்டேர் எனப் படிப்போர் உளர். அது 1.05 எக்டேரேயாம். இவ்விரண்டனுக்கும் இடையே 45 ஏர் வேறுபாடு. சென்டில் கணக்கிடின் 111 சென்ட். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றில் இச்சுழி விடுபடுமாயின் என்ன விளையும் என்பது கூறாமலே விளங்கும்.

இனி நம் பழைய பரப்பளவைக்கு வருவோம். ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உடைய நிலம் ஒரு குழி. குழி என்னும் சொல் கணக்கில் ஓர் எண்ணைத் தன்னாலேயே பெருக்கி வரும் தொகைக்கும் ஆகிவந்தது. எண்சுவடியில் குழிமாற்று என்னும் வாய்பாடு இதன் பொருட்டே அமைந்தது. ஆகவே குழி என்பது ஏரைப் போலவே சதுரம் என்னும் அடையைத் தன்னுள் ஒடுக்கிய பெயர் என்க. ஒரு வேறுபாடு உண்டு. ஏரின் பக்கம் யாண்டும் பத்து மீட்டர். குழியின் பக்கமோ கோலைப் பொறுத்து மாறும். கல்வெட்டுகள் பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல், பதினெண் சாண் கோல் எனப் பலவாகக் கூறும். கோலின் நீளத்தைக் கோயிற் சுவரில் கோடாகப் பொறித்து வைத்த இடங்களும் உள. அளவுகோல் ஒன்றாயிராமையால்தான் நம் முன்னோர் இத்துணைக் கவனத்தோடு அதனைக் குறித்தனர்.

சாண் ஒன்றை ஒன்பது அங்குலம், அஃதாவது 22.86 சென்டிமீட்டர் எனக் கொண்டு பார்ப்போம். பதினாறு சாண் கோல் 12 அடி, மீட்டரில் 3.6576. இதன் குழி 13.378 சதுர மீட்டர். பன்னிரு சாண் கோல் 9 அடி. அதன் குழி 7.525 சதுர மீட்டர். பதினெண் சாண் கோல் பதின்மூன்றரை அடி, குழி 16.932 சதுர மீட்டர். கோல்கள் 12, 16, 18 என நிற்க, அவற்றின் குழிகள் 36, 64, 81 என்னும் விகிதத்தில் நிற்கின்றன. பதினெண் சாண் கோல் பன்னிரு சாண் கோலினும் ஒன்றரை மடங்கே நீண்டது. அதன் குழியோ இரண்டேகால் மடங்கு. சாணின் அளவு பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். எனினும் இவ்விகிதம் மாறாது. தொண்டைநாட்டில் பிற்காலத்து வழங்கிய 24 அடிக் கோலால் வரும் குழி 576 சதுர அடி. 12 அடிக் கோலால் வரும் தஞ்சைக் குழி 144 சதுர அடி. கோல் இருமடங்காகக் குழி நான்மடங்காயிற்று. நூறு குழி தஞ்சையில் ஒரு மாவாக, தொண்டைநாட்டில் ஒரு காணியாக, முன்னது மூன்றிலொரு ஏக்கருக்குச் சிறிது குறைந்தும் பின்னது 1.32 ஏக்கராகவும் நிற்றலின் காரணம் இதுவே.

நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்னும் கணக்கின்படி வேலி 2,000 குழி. பன்னிரு சாண் கோலால் இது 1.505 எக்டேர், பதினாறு சாண் கோலால் 2.676, பதினெண் சாண் கோலால் 3.386. இத்துடன் அமையவில்லை. 256 குழி கொண்டது ஒரு மா எனக் கூறும் கல்வெட்டுகளும் உள. அவ்வாறாயின் பதினாறு சாண் கோல் வேலி 5,120 குழியாய் 6.85 எக்டேராகும். ஓர் ஆவணம் வேலிக்கு நூறு கலம் நெல் அளக்க வேண்டும் எனக் கூறுவதாகக் கொள்வோம். வேலி 2,000 குழியாயின், மேற்கூறிய மூன்று கோலுக்கும் முறையே எக்டேருக்கு 66.4 கலம், 37.4 கலம், 29.5 கலம் என வரும். குடிகளை வருத்திய வரி என்று ஒருவரும், தாங்கத்தக்க வரி என்று மற்றொருவரும் ஒரே சான்றைக் கொண்டு வாதிடுவதற்கு இடம் தருவது இவ்வேறுபாடேயாம். கோலைக் கூறாது வேலியை எக்டேராக்கிக் காட்டும் பட்டியல்கள் எத்துணை அழகாக அச்சிடப்பட்டிருப்பினும் பயன்படா.

இராசராசன் காலத்து நிலவளவையின் நுட்பத்திற்குச் சான்றாக, வேலியின் 52,42,88,00,000-இல் ஒரு கூறு வரை கணக்கிடப்பட்டது என்று நூல்கள் பலவும் எடுத்துக் கூறும். ஐயாயிரத்து இருநூற்று நாற்பத்திரண்டு கோடியே எண்பத்தெட்டு இலட்சத்தில் ஒன்று என்னும் இவ்வெண் எவ்வாறு வந்தது? முந்திரி என்பது 320-இல் ஒன்று. கீழ் என்னும் அடை வருந்தோறும் மீண்டும் 320-ஆல் வகுக்க வேண்டும். 320-ஐ நான்குமுறை பெருக்கி ஐந்தால் பெருக்க மேற்கூறிய எண் வரும். பதினாறு சாண் கோல் வேலியை 26,756 சதுர மீட்டர் எனக் கொண்டு இதனை மாற்றிப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் 10,00,000 சதுர மில்லிமீட்டர். எனவே வேலி 2,675.6 கோடி சதுர மில்லிமீட்டர். அதனை 5,242.88 கோடியால் வகுக்க, 0.51 சதுர மில்லிமீட்டர் கிடைக்கிறது. ஒரு நெல்மணி கிடக்கும் இடத்தினும் இது மிகச் சிறிது. கோலும் கயிறும் கொண்டு இந்நுண்மையில் நிலத்தை அளந்திருத்தல் இயலாது. இஃது அளந்து கண்ட பரப்பன்று. வகுத்துக் கண்ட பின்னம். பெரும்பரப்பைப் பங்கிடுங்கால் எஞ்சிய பின்னத்தையும் விடாது எழுதிய கணக்கரின் நேர்மைக்கு இது சான்று. நிலவளவையின் நுட்பம் என்று இதனைப் புகழ்வதினும் கணக்கின் நுட்பம் என்று புகழ்தலே பொருந்தும். சதுரத்தை மறந்து ஒரு சதுர மீட்டரை ஆயிரம் சதுர மில்லிமீட்டர் எனக் கொண்டோர்க்கு இவ்விடை ஆயிரத்திலொரு பங்காய்ச் சுருங்கி, வியப்பு இன்னும் பன்மடங்காகும்!

கொள்ளளவைக்கு வருவோம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம் எனப் பெரும்பாலும் இரட்டித்துச் செல்லும் இவ்வாய்பாடு. கலம் ஒன்றில் 96 நாழி. இவ்வடைவு உறுதியானது, நாழியோ மரக்காலோ எத்துணை லிட்டர் என்பது இடத்திற்கேற்ப மாறுவது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் ஆடவல்லான் என்னும் மரக்காலைப் பெயர் சுட்டிக் குறிப்பதும், அஃது இராசகேசரி என்னும் அளவோடு ஒக்கும் எனக் கூறுவதும் இதுபற்றியே. நீட்டலளவையில் நேரும் சிறு வேறுபாடு இங்கு மும்முறை பெருகும். மரக்காலின் வாயகலமும் உயரமும் பத்திலொரு பங்கு மிகுமாயின் அதன் கொள்ளளவு மூன்றிலொரு பங்கு மிகும், ஒன்று 1.331 ஆகும். கண்ணுக்கு ஒத்தனவாய்த் தோன்றும் இரு மரக்கால்களுள் ஒன்று நான்கு கலம் அளக்குமிடத்து மற்றொன்று மூன்றே கலம் காட்டும். அளப்பவன் கையில் எந்த மரக்கால் இருந்தது என்பதே குடியானவன் வாழ்வைத் தீர்மானித்தது.

லிட்டரைக் கிலோவாக்குதல் அலகுமாற்றமன்று என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ நிறையுடையது. நெல்லோ மணிகளிடையே காற்றிடமும் உமியும் கொண்டதாகலின் ஒரு லிட்டர் ஒரு கிலோவினும் மிகக் குறையும். கலத்தை லிட்டராக்கி, அவ்வெண்ணையே கிலோவாக எழுதுதல் விளைவை மிகைப்படுத்திக் காட்டும். லிட்டரை நீரின் நிறையோடு பிணைத்ததில் மெட்ரிக் முறையினரே ஒருகால் இடர்ப்பட்டனர். 1901-இல் ஒரு கிலோகிராம் தூய நீரின் கொள்ளளவே லிட்டர் என வரையறுத்தனர். அது கன டெசிமீட்டரினும் பத்து இலட்சத்தில் 28 பங்கு மிகுந்திருந்தது. 1964-இல் அவ்வரையறையைக் கைவிட்டு, லிட்டர் கன டெசிமீட்டரே என மீட்டும் நிறுவினர். ஆயிரம் லிட்டருக்கு 28 மில்லிலிட்டரே வேறுபாடு ஆகையால் நெல்லளவில் இதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை.

பரப்பும் கொள்ளளவும் ஒன்றோடொன்று கைகோக்கும் இடம் மழையும் ஏரியும் ஆம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் நிற்கும் நீர் ஒரு லிட்டர். 10,000 சதுரச் சென்டிமீட்டரைச் சென்டிமீட்டரில் பத்திலொரு பங்கு உயரத்தால் பெருக்க 1,000 கனச் சென்டிமீட்டர் வருதலின் இது பெறப்படும். பதினாறு சாண் கோலால் நூறு குழி கொண்ட மா ஒன்றில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் 13,378 லிட்டர். அணைநீரை ஆயிரம் மில்லியன் கன அடி என்னும் அலகால் கூறுவது இன்றும் வழக்கு. இதில் ஆயிரமும் மில்லியனும் கன என்னும் அடைக்கு முன்னின்றமையால் எண்ணும் தொழிலையே செய்கின்றன. அடி மட்டுமே கனம் பெறுகிறது. ஓர் அடி 0.3048 மீட்டர், அதனை மும்முறை பெருக்க 0.0283168 கன மீட்டர். எனவே இவ்வலகு ஒன்று 2.83 கோடி கன மீட்டர். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி. மாற்றி எழுதின் ஏறத்தாழ 264.7 கோடி கன மீட்டர்; கன கிலோமீட்டரில் 2.65. கிலோமீட்டர் ஆயிரம் மீட்டர்தானே எனக் கருதி 264.7 கோடியை ஆயிரத்தால் மட்டும் வகுப்பவர்க்கு இருபத்தாறு இலட்சத்திற்கு மேற்பட்ட கன கிலோமீட்டர் வரும்.

மாற்றிய எண்ணில் எத்துணை இலக்கம் எழுதுவது என்பதும் ஆராயற்பாலது. கணக்கிடும் கருவிகள் பதினாறு சாண் கோல் வேலியை 26,756.08 சதுர மீட்டர் எனத் தயங்காது காட்டும். சாணை ஒன்பது அங்குலம் எனக் கொண்டது நம் கருத்தே. அதனை எட்டரை அங்குலம் எனக் கொள்ளின் நீளம் நூற்றுக்கு 5.6 குறையும், பரப்பு இருமுறை குறைந்து நூற்றுக்கு 10.8 இழக்கும். கன அளவாயின் இழப்பு நூற்றுக்கு 15.8. அரை அங்குல ஐயத்தைத் தாங்கி நிற்கும் ஓர் எண்ணுக்குப் புள்ளிக்குப் பின் ஈரிலக்கம் எழுதுதல் பொருந்தாது. பதிப்பாசிரியர் மூலத்தில் உள்ள குழியையும் வேலியையும் அவ்வாறே நிறுத்தி, கோல் இன்னது, மாவிற்கு இத்துணைக் குழி, சாண் இவ்வளவு எனக் கொண்டமையை உடன் குறித்து, ஏறத்தாழ 2.7 எக்டேர் என்று எழுதினால் போதும்.